ரெண்டா தெரிஞ்சாலும் செவப்புதானே

அந்தச் சீட்டைக் கொஞ்சம் காட்டுங்க தம்பி. சும்மா பாக்கத்தான். மக சீட்டா? இப்ப உள்ள போச்சே, பச்சைச் சுடிதார், அந்தப் பாப்பாவா? மைனஸ் நாலேகால், மைனஸ் நாலரை. இதெல்லாம் ஒரு பவரா தம்பி! என் மகனுக்கு ஆறரை. ரெண்டு கண்ணுலயும் ஆறரை. கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டான்னா அதைத் தேடிக் குடுக்க இன்னொரு ஆள் வேணும்.

லேசருக்குத்தானே வந்திருக்கீங்க? கவுண்டர்ல நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு. நல்லது, பண்ணிருங்க. நான் லேசரைக் குறை சொல்ற ஆளே கிடையாது. எங்க மச்சினன் மக பண்ணிக்கிட்டா. நாலு வருசமாச்சு, பளிச்சுன்னு இருக்கா. நாள் முழுக்க கம்ப்யூட்டர்லதான் வேலை, ஒரு குறை கிடையாது. முக்காவாசிப் பேருக்கு, அதுக்கும் மேலயே, அப்படித்தான்னு இந்த ஆஸ்பத்திரி டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்க. நமக்குன்னு வரும்போது வேற மாதிரி ஆயிப்போச்சு. அவ்வளவுதான்.

என் மகனும் உள்ளதான் இருக்கான். பூபதி. பூபதிராஜா. அந்தக் கடைசி ரூமு, கருவிழி டாக்டர் ரூமு. காலையிலயே சொட்டு மருந்து ஊத்தி உக்கார வச்சாங்க. இப்பப் படம் எடுக்குறாங்க. கண்ணைப் படம் எடுக்க ஒரு மிஷின் இருக்கு, உங்களுக்கும் காட்டுவாங்க. கருவிழியை மேப்பு மாதிரி கலர் கலராப் போட்டுக் காட்டும். நீலமா இருந்தா நல்லது. செவப்பா இருந்தா ஆகாது. எங்களுக்குச் செவப்பு.

நான் சோலைராசு. மானாமதுரை. ரயில்வேயில கீமேனா இருந்து ரிட்டையர் ஆனவன். கீமேன்னா தெரியுமா? தெரிஞ்சிருக்காது. ரயில்ல போறவங்க யாருக்கும் தெரியாது. தெனமும் தண்டவாளத்தோடயே நடக்கணும். தோள்ல சுத்தியல், கையில ஸ்பேனர், ரெண்டு கொடி. கழண்ட கிளிப்பை அடிச்சு இறுக்கணும், லூசான போல்ட்டை முறுக்கணும். வெயிலு மழையெல்லாம் பாக்கக் கூடாது. வண்டி வந்தா ஒதுங்கி நிக்கணும். முப்பத்திரெண்டு வருசம் ஒதுங்கி நின்னிருக்கேன் தம்பி. மேல என்ஜின்ல டிரைவர் உக்காந்திருப்பாரு. சிலபேரு கையைத் தூக்குவாங்க. சிலபேரு திரும்பியே பாக்க மாட்டாங்க. காத்து அடிச்சு மண்ணு நம்ம மூஞ்சியில விழும். எனக்கு ஒரே நெனப்பு. எம் மகன் அந்த சீட்டுல உக்காரணும். நான் கீழ நிக்கணும், அவன் மேல இருந்து கையைத் தூக்கணும். ஒரு தகப்பன் இப்படி நெனைக்கிறது தப்பா? நீங்களே சொல்லுங்க.

பூபதி படிச்சது டிப்ளமா மெக்கானிக்கல். படிச்சு முடிச்சதும் ஆரோக்கியசாமின்னு ஒருத்தர் லேத் பட்டறையில சேந்துட்டான். எனக்குப் பிடிக்கல. ஆனா அவனுக்கு அந்த வேலை ஒட்டிக்கிச்சு. ஆரோக்கியசாமி எங்கிட்டயே சொல்லுவாரு, "அண்ணே, உங்க மகன் கையில மைக்ரோமீட்டரைக் குடுத்தா மயிரிழை தப்பாது"ன்னு. மைக்ரோமீட்டர்னா அளவு பாக்குற கருவி. அதுல கோடு கோடா இருக்கும், எறும்புக் காலை விடச் சின்னதா. கண்ணாடியை நெத்திக்குத் தூக்கி விட்டுட்டு, கருவியைக் கண்ணுகிட்டக் கொண்டுபோய்ப் படிப்பான். கிட்டப் பார்வைக்காரனுக்குக் கிட்ட இருக்கிறது நல்லாத் தெரியும்ல. அவன் சிரிச்சுக்கிட்டே சொல்லுவான், "எனக்கு ஆண்டவன் ரெண்டு பூதக்கண்ணாடி வச்சுப் படைச்சிட்டான்பா"ன்னு. நான் சொல்லுவேன், கருவியைப் பாத்தது போதும், தூரத்துல இருக்கிற சிக்னலைப் பாருடான்னு.

அப்பத்தான் அசிஸ்டென்ட் லோகோ பைலட்டுக்கு, அதான் என்ஜின் டிரைவருக்குத் துணையா உக்காருற வேலைக்கு, ஆள் எடுக்குறாங்கன்னு பேப்பர்ல வந்துச்சு. பிடிச்சு உக்கார வச்சுப் பரிட்சைக்குப் பணம் கட்ட வச்சேன். மூக்குக் கண்ணாடியோட அந்த வேலைக்கு எடுக்க மாட்டாங்க. கண்ணாடி இல்லாமப் பார்வை முழுசா இருக்கணும். அப்ப என்ன வழி? லேசர்தான் வழி.

அவன் அந்த நோட்டீசை முழுசாப் படிச்சிட்டு வந்து சொன்னான். "அப்பா, லேசர் பண்ணினவங்களையும் எடுக்க மாட்டாங்கன்னு இதுல போட்டிருக்கு." நான் சொன்னேன், "போட்டிருந்தாப் போட்டிருக்கட்டும்டா. கண்ணுல தையலா இருக்கு? எவன் கண்டுபிடிக்கப் போறான்?" அவன் நோட்டீசை மடிச்சு வச்சிட்டான். அவன் அப்படித்தான், நான் சொன்னா எதுத்துப் பேச மாட்டான். நல்ல பிள்ளை தம்பி. அந்த வகையில நான் குடுத்து வச்சவன்.

முதல்ல இதே ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டியாந்தேன். மூணு வருசமாச்சு. நாள் முழுக்க டெஸ்ட் எடுத்துட்டு, அடுத்த வாரம் வந்து ரிப்போர்ட் வாங்கிக்கங்கன்னாங்க. அவனுக்குப் பட்டறையில வேலை. நான்தான் வந்தேன். அந்த டாக்டரம்மா, இப்ப உள்ள இருக்காங்களே அவங்கதான், என்னை உக்கார வச்சுச் சொன்னாங்க. "உங்க மகனுக்குக் கருவிழி மெலிசா இருக்கு. வடிவமும் சரியில்ல, கீழ்ப்பக்கம் சரிவு காட்டுது. வயசு இருபதுதான் ஆகுது, பவரும் இன்னும் ஏறிக்கிட்டே இருக்கு. லேசர்ங்கிறது கருவிழியைச் செதுக்குற வேலை. இருக்கிறதே மெலிசு, அதையும் செதுக்கினாத் தாங்காது. வேண்டாம். கண்ணாடி போட்டுக்கிட்டு நல்லா இருக்கட்டும்."

நான் சொன்னேன், "வேணும்னா எதுலயும் கையெழுத்துப் போட்டுத் தாரேன் மேடம்."

"கையெழுத்து கண்ணைக் காப்பாத்தாதுங்கய்யா"ன்னாங்க. "மகனை ஒருநாள் கூட்டிட்டு வாங்க, நானே சொல்றேன்."

பாருங்க, எவ்வளவு பயம் அவங்களுக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கெல்லாம் இதுதான் குறை. பேர் கெட்டுப்போயிருமோன்னு பயப்படுறாங்க. அன்னைக்கு இவங்களே பண்ணியிருந்தா நல்லபடியாப் பண்ணியிருப்பாங்க, நமக்கு இந்தக் கஷ்டமே வந்திருக்காது. அந்த வருத்தம் எனக்கு இவங்க மேல இன்னமும் உண்டு. வெளிய காட்டிக்கிறதில்ல.

வீட்டுக்குப் போயி, "பண்ணலாம்னு சொல்லிட்டாங்கடா. ஆனா இங்க கூட்டம், நாளாகும். வேற ஊர்ல போயிப் பண்ணிக்கலாம்"னேன். அதைப் பொய்யின்னு சொல்ல முடியாது. கூட்டம்தானே? நீங்களே பாக்குறீங்கல்ல, உக்காரக்கூட இடமில்ல.

அப்புறம் வேற ஊர்ல ஒரு இடம். எந்த ஊருன்னு சொல்ல மாட்டேன், நாளைக்கு அது ஒரு வம்பாயிரும். அவங்களும் சும்மா பண்ணிறல. ஒரு வருசமாப் பவர் ஏறாம நிக்கணும், பழைய சீட்டு இருந்தாக் கொண்டாங்கன்னாங்க. அதுக்கு நம்மகிட்ட ஆள் இருந்தாரு. கண்ணாடிக் கடை சந்தானம், எனக்கு முப்பது வருசப் பழக்கம். புதுப் பவரை அப்படியே எழுதி, போன வருசத்துத் தேதியைப் போட்டுக் குடுத்தாரு. இதைப் போயித் தப்புன்னு சொல்லுவாங்களா? ஏறுற பவரு ஏறியாச்சு, தேதியில என்ன இருக்கு?

அங்க ஒரு பையன் டாக்டர் கேட்டாரு, "கண்ணைக் கசக்குற பழக்கம் உண்டா?" பூபதி வாயைத் தொறந்தான். நான் முந்திக்கிட்டு, "அதெல்லாம் கிடையாது சார்"னேன். சின்னதுல இருந்தே கசக்குவான். தூசி ஆகாது அவனுக்கு. கண்ணைக் கசக்காத பிள்ளை எங்கயாவது இருக்கா? "வேற எங்கயாவது டெஸ்ட் பண்ணினீங்களா?"ன்னாரு. இல்லைன்னேன். அவங்களும் படம் எடுத்தாங்க. எடுத்துட்டு, "கொஞ்சம் ஓரத்துல இருக்கு, ஆனாப் பண்ணலாம், கையெழுத்துப் போடுங்க"ன்னாங்க. அவங்களும் பயந்திருந்தாப் பண்ணியிருக்க மாட்டாங்கள்ல? அப்ப யார் மேல தப்பு? பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு பூபதி என்னைப் பாத்தான். "போடுறா"ன்னேன். போட்டான்.

கால் மணி நேரத்துல முடிஞ்சிருச்சு. வெளிய வந்து, முடி கருகின மாதிரி வாடை வந்துச்சுப்பான்னான். வேற ஒண்ணும் சொல்லல. கறுப்புக் கண்ணாடியைப் போட்டு பஸ்ல கூட்டியாந்தேன்.

மறுநாள் காலையில நடந்ததைச் சொல்லணும் தம்பி. எங்க வீட்டு வாசல்ல நின்னாத் தண்டவாளம் தெரியும். ராமேஸ்வரம் வண்டி போயிக்கிட்டிருக்கு. வாசல்ல நின்னுக்கிட்டு, ஓடுற வண்டியில ஒவ்வொரு பெட்டி நம்பரா வாசிக்கிறான். வெறும் கண்ணால! பஞ்சவர்ணம், அதான் என் வீட்டுக்காரி, அடுப்புல வச்சதை மறந்துட்டு ஓடியாந்து, மகன் மூஞ்சியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு அழுதா. "என்னைப் பாருடா, என் மூஞ்சி நல்லாத் தெரியுதா?"ன்னா. "தெரியுதும்மா, நரைச்சிருச்சு உனக்கு"ன்னான். எனக்குக் காலு தரையில இல்ல. எங்க கேங்க்ல, தண்டவாள வேலையில கூட இருந்த அத்தனை பேருக்கும் அல்வா வாங்கிக் குடுத்தேன்.

அந்த மாதிரி நாள் மூணு மாசம் இருந்துச்சு. மூணு, இல்லாட்டி நாலு மாசம்.

அப்புறம் கண்ணு காயுது, மணல் போட்ட மாதிரி உறுத்துதுன்னான். சொட்டு மருந்து குடுத்தாங்க. பொழுது சாஞ்சதும் விளக்கைப் பாத்தா வட்டம் வட்டமாத் தெரியுதுன்னான். போகப் போகச் சரியாயிரும்னாங்க. நெறையப் பேருக்கு அப்படித்தான் சரியாயிருமாம். இவனுக்கு ஆகல. எல்லாத்துக்கும் அந்த செல்போனுதான் காரணம்னு நான் திட்டிக்கிட்டே இருந்தேன்.

இதுக்கு நடுவுல பரிட்சை. ஒண்ணு பாஸு, ரெண்டாவதும் பாஸு, அப்புறம் அந்த புத்திக்கூர்மைப் பரிட்சை, அதுவும் பாஸு. மெடிக்கலுக்குக் கூப்பிட்டாங்க. ஏறக்குறைய வேலை கெடைச்ச மாதிரிதான் தம்பி. போறதுக்கு முன்னாடி உக்கார வச்சுப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். "ஃபாரத்துல கேப்பான், கண்ணுல ஆபரேசன் ஆயிருக்கான்னு. இல்லைன்னு எழுது. ஒரே வார்த்தை. இல்லை." தலையை ஆட்டினான்.

அங்க போயி ஆமான்னு எழுதிட்டான்.

ஆமாங்கிறேன்! எந்த டாக்டரும் கண்டுபிடிக்கல. எவனும் காட்டிக் குடுக்கல. இவனாப் பேனாவை எடுத்து எழுதினான். அன்னைக்கே தகுதியில்லைன்னு அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டாமச் சொன்னான். நான் சட்டையைப் பிடிச்சிட்டேன். என் ஆயுசுல பிள்ளை மேல கை வச்சது அன்னைக்கு ஒருநாள்தான். "ஏண்டா? ஏண்டா எழுதின?"

அவன் மெதுவாச் சொன்னான். "ஸ்டேசன் கடைசியில நின்னு பாத்தேம்பா. பொழுது சாஞ்சா சிக்னல் எனக்கு ரெண்டாத் தெரியுது. ஒரு நேரம் மூணாத் தெரியுது. பின்னால ஆயிரம் பேர் உக்காந்திருப்பாங்கப்பா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரெண்டாத் தெரிஞ்சா என்னடா? ரெண்டாத் தெரிஞ்சாலும் செவப்பு செவப்புதானே? நிறுத்தத்தானே போற?" சரிதானே நான் கேட்டது? பக்கத்துல பெரிய டிரைவர் வேற இருப்பாரு, இவன் அசிஸ்டென்ட்தானே. அவன் சட்டையில இருந்து என் கையை ஒவ்வொரு விரலா எடுத்து விட்டுட்டு உள்ள போயிட்டான்.

ஒரு வார்த்தை தம்பி. ஒரே ஒரு வார்த்தையில போச்சு. என் மனசுல இருக்கிற குறை அது ஒண்ணுதான். கண்ணுக்கு வந்தது விதி, அதை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. இது கையால எழுதினதுல்ல?

என்ன, சீட்டை மடிச்சுப் பையில வச்சிட்டீங்க? வச்சுக்கங்க, வச்சுக்கங்க. தொலைஞ்சு போயிரும்.

அப்புறம் பவரு திரும்பி வந்துச்சு. வந்தா முன்ன மாதிரி வரல, கோணலா வந்துச்சு. கண்ணாடி போட்டாலும் சரியாகல. எழுத்துக்குப் பின்னாடி எழுத்தோட நெழலு விழுதும்பான். ஆபரேசன் பண்ணின இடத்துல, இது எங்க கையில இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னுட்டாங்க. சுத்திச் சுத்தி இங்கயே வந்து நின்னோம். அன்னைக்குப் பஞ்சவர்ணமும் கூட வந்திருந்தா.

டாக்டரம்மா பழைய நம்பரைப் போட்டதும் கம்ப்யூட்டர்ல எல்லாம் வந்திருச்சு. எனக்கு அது தெரியாது பாத்துக்கங்க, இத்தனை வருசம் வச்சிருப்பாங்கன்னு. புதுப் படத்தையும் பழைய படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாங்க. அப்புறம் பூபதி பக்கம் திரும்பி, "உங்களுக்கு லேசர் கூடாதுன்னு நாங்க சொல்லி அனுப்பினோமேப்பா. உங்க அப்பா வந்து கேட்டுட்டுப் போனாரே. அதுக்கப்புறமும் ஏன் பண்ணிக்கிட்டீங்க?"ன்னாங்க.



பூபதி திரும்பி என்னைப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். கோவமெல்லாம் இல்ல தம்பி, அப்படி நெனைச்சிராதீங்க. கண்ணு சரியாத் தெரியாதில்ல, அதனால எதையும் கொஞ்சம் உத்துத்தான் பாப்பான். அப்புறம் டாக்டரம்மாகிட்ட, "தெரியாமப் பண்ணிக்கிட்டேன் மேடம்"னான். என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. அன்னைக்கும் சொல்லல, இன்னைக்கு வரைக்கும் சொல்லல. மனசுல ஏதாவது இருந்தாச் சொல்லியிருப்பான்ல?

பஞ்சவர்ணத்துக்கு வீட்டுக்குப் போனதும் மூட்டு வலி வந்துருச்சு. பரமக்குடியில அவ தங்கச்சி வீடு இருக்கு, அங்க நல்ல எண்ணெய் வைத்தியம் பண்றாங்கன்னு போனா. ஏழு மாசமா வைத்தியம் நடக்குது. எனக்கு போன் எடுக்குறதில்ல, தொண்டையும் சரியில்லையாம். மகனுக்கு மட்டும் பண்ணுவா. அவன் கதவைச் சாத்திக்கிட்டுப் பேசுவான். தாயும் பிள்ளையும் பேசட்டுமே, நமக்கு என்ன?

கருவிழி மெலிஞ்சு, உள்ள இருக்கிற அழுத்தம் தாங்காம முன்னால பிதுங்கிருச்சாம். பழைய டயர்ல ட்யூப் புடைக்குமே, அந்த மாதிரி. அதை இறுக்குறதுக்கு ஒரு வைத்தியம் பண்ணினாங்க, மருந்தை ஊத்தி ஊத்தி நீல வெளிச்சத்துல அரை மணி நேரம் படுக்க வைக்கிறது. மூணு நாள் வலியில துடிச்சுப் போனான். இடது கண்ணு அதோட நின்னுச்சு. வலது கண்ணு நிக்கல. கெட்டி லென்ஸ் ஒண்ணு குடுத்தாங்க. அதைப் போட்டா ஓரளவு தெரியுது, ஆனா நாலு மணி நேரத்துக்கு மேல வச்சிருக்க முடியாது, கண்ணு ரத்தமாச் செவந்து போகும்.

இதோட பட்டறைக்கும் போயிக்கிட்டுத்தான் இருந்தான். ஆரோக்கியசாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒருநாள் ஏதோ மில்லுக்கு புஷ்ஷு, அதான் மிஷின் தண்டுக்குப் போடுற வளையம், கடையுற வேலை. அத்தனையும் இவன்தான் அளந்து போட்டான். அத்தனையும் திரும்பி வந்துருச்சு, ஒண்ணு கூடப் பொருந்தல. ஆரோக்கியசாமி ஒரு சொல் சொல்லலையாம். இவன் மைக்ரோமீட்டரைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சு, ஒரு கண்ணை மூடிப் பாத்தானாம், அடுத்த கண்ணை மூடிப் பாத்தானாம். அப்புறம் அதை எண்ணெய்த் துணியால நல்லாத் துடைச்சு, டப்பாவுல வச்சு மூடி, அவர் மேசையில வச்சிட்டு வீட்டுக்கு வந்துட்டான். மறுநாள் அவரே வீட்டுக்கு வந்தாரு. "அளவை நான் பாத்துக்கிறேன், நீ மிஷின்ல வந்து நில்லுப்பா"ன்னாரு. "அளவு தெரியாதவன் மிஷின்ல நிக்கக் கூடாதுண்ணே. நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க"ன்னான். அவரு வாசல்ல நின்னு அழுதுட்டுப் போனாரு. எதுக்கு அழணும்? சம்பளத்துக்கு வச்சிருந்த ஆளு, இன்னொரு ஆள் கெடைப்பான்.

இப்ப வீட்டுலதான் இருக்கான். பின் ரூம்ல. வெளிச்சம் கூசுதுன்னு ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டிட்டான். டிவி போட மாட்டான். சாப்பாட்டை வச்சாச் சாப்பிடுவான், வைக்கலைன்னாக் கேக்க மாட்டான். நான் சமைக்கிறதுக்குக் குத்தமே சொல்றதில்ல. அவன் கூட்டாளிங்க ரெண்டு பேரு கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தாங்க. யாருடா நீன்னு கேட்டான், குரலை வச்சுத்தான் கண்டுபிடிச்சான். அந்தப் பயலுக சிரிச்சுக்கிட்டே போனாங்க. தெருவுல போயி அதுல ஒருத்தன் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னான், நான் பாத்தேன்.

இந்தப் பையில என்ன இருக்குன்னு பாக்குறீங்களா? அப்பீலு. மறுபடி மெடிக்கல் வைக்கணும்னு எழுதின மனு. எட்டு அனுப்பிட்டேன், இது ஒம்பது. காலம் தாண்டிப்போச்சுன்னு பதில் போட்டிருக்காங்க. போடட்டும். நான் விட மாட்டேன். முப்பத்திரெண்டு வருசம் லைன்ல நடந்தவன், எனக்கு நடக்கச் சொல்லியா தரணும்?

கூப்பிடுறாங்களே. பூபதிராஜாங்கிறாங்கள்ல? இருங்க தம்பி, எடத்தைப் பாத்துக்கங்க. போயிட்டு வந்துர்றேன்.

நகருங்க கொஞ்சம். வந்துட்டேன். மக இன்னும் வரலையா? வருவா, மருந்து ஊத்தினா நேரமாகும்.

அவன் கவுண்டர்ல நிக்கிறான், ஏதோ பேப்பர் எழுதித் தர்றாங்களாம். டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வலது கண்ணு இனிமே தாங்காதாம். கருவிழியையே மாத்தணுமாம். செத்துப்போனவங்க யாராவது தானம் பண்ணினாத்தான். பேரை எழுதி வச்சிருக்காங்க, வந்தாக் கூப்பிடுவாங்களாம். மாத்தினாலும் ஒட்டிக்கிறதுக்கு ஒரு வருசத்துக்கு மேல ஆகும், உடம்பு அதை ஏத்துக்காமத் தள்ளினாலும் தள்ளிரும்னாங்க. இடது கண்ணைப் பாத்துக்கணும், அதுவும் மறுபடி லேசா நகருதாம்.

பூபதி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். "மாத்தினா மைக்ரோமீட்டர்ல கோடு தெரியுமா மேடம்?"

அந்தம்மா பேனாவைக் கீழ வச்சாங்க. "ஆள் தெரியும்ப்பா. வழி தெரியும். அதுக்கு மேல என்னால உறுதி சொல்ல முடியாது"ன்னாங்க. சரிங்க மேடம்னான்.

அப்ப எனக்கு ஒரு யோசனை வந்துச்சு தம்பி. நீங்க படிச்சவரு மாதிரித் தெரியுது, நீங்களே சொல்லுங்க. லேசர் பண்ணின கண்ணுதானே ஆகாதுன்னு ரூலு? மாத்திட்டா அது லேசர் பண்ணின கண்ணே இல்லையே! அது வேற ஒருத்தர் கண்ணு. அதுல எந்த லேசரும் படல. அப்ப அந்த ரூலு எப்படிச் செல்லும்? இதை நான் டாக்டரம்மாகிட்டயே கேட்டேன். அவங்க பதிலே சொல்லல. பதில் இல்லைன்னா என்ன அர்த்தம்? நம்ம பக்கம் ஞாயம் இருக்குன்னுதானே அர்த்தம்? பூபதி கண்ணை மூடிக்கிட்டுச் சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தான். மருந்து ஊத்தினது கூசுதுல்ல. பத்தாவது மனுவுல இதை வெவரமா எழுதப் போறேன்.

உங்க மகளுக்கு ஒண்ணும் ஆகாது. பயப்படாதீங்க. ஒருவேளை, பவரு நிக்கல, ஒரு வருசம் பொறுங்கன்னு சொன்னாங்கன்னா எனக்கு ஒரு போன் போடுங்க. சந்தானம் நம்பர் தாரேன். என் பேரைச் சொன்னாப் போதும், எந்த வருசத்துக்கு வேணும்னாலும் எழுதித் தருவாரு. எழுதிக்கிறீங்களா? வேண்டாமா? சரி.

அந்தா வந்துட்டான். கட்டம் போட்ட சட்டை. அவன்தான். ஆளு எப்படி இருக்கான் பாத்தீங்களா, அவங்க தாத்தா உசரம். டேய், இங்கடா. இந்தப் பக்கம். தூணுக்கு இந்தப் பக்கம். வா, வா. பேப்பரெல்லாம் வாங்கிட்டியா? பையில வை. தம்பிகிட்டப் பேசிக்கிட்டிருந்தேன். இவரு மகளும் லேசருக்குத்தான் வந்திருக்கு.

என்னடா சொன்ன?

ரிப்போர்ட்டை மகளையே நேரா வாங்கச் சொல்லுங்கங்கிறான் தம்பி உங்ககிட்ட. அவகிட்டயே டாக்டரைப் பேசச் சொல்லணுமாம். சரி, அதுவும் நல்லதுதான். படிச்ச பிள்ளை, புரிஞ்சுக்கும்.

நாங்க கெளம்புறோம். ஒண்ணேகால் வண்டியைப் பிடிக்கணும். என்னடா? ம். பிடிச்சுக்க.

பாத்தீங்களா தம்பி, தோள்ல கை போட்டுட்டான். சின்னப் பிள்ளையில கூட இப்படிப் போட்டதில்ல, எப்பவும் அவங்க அம்மா முந்தானைதான். இப்ப எங்க போனாலும் என் தோளுதான். கோவம் இருக்கிறவன் இப்படிப் பிடிப்பானா? அஞ்சு வெரலும் பதியுது பாருங்க.

வரேன் தம்பி. மகளைக் கேட்டதாச் சொல்லுங்க.

படியாடா? இல்ல, இன்னும் ரெண்டு எட்டு இருக்கு. வா.